அங்கீகரிக்கப்படாத முடிச்சு

புகார்க் கடிதம் புதன்கிழமை காலை பத்தேகாலுக்குக் கடைக்கு வந்து சேர்ந்தது. நீளமான உறை, தூண்டில் மீன்பிடிப்போர் சங்கத்தின் முத்திரை, உள்ளே ஒன்றரைப் பக்கத் தட்டச்சு. அடியில் சங்கச் செயலாளரின் கையொப்பம், ஒரு வேட்டியைக் காயப்போடும் அகலத்துக்கு விரிந்து கிடந்தது.

கடிதத்தின் சாரம் இது. சென்ற ஞாயிறு நடந்த பயிற்சிப் போட்டியில் செயலாளரின் தூண்டிலில் சங்க வரலாற்றிலேயே மிகப் பெரிய மீன் சிக்கியது. அது தப்பிவிட்டது. காரணம், கடையில் தூண்டில் கம்பில் மாட்டும் ரீலுக்கு நூல் சுற்றித் தரும் பெண் ஊழியர் சங்கத்தால் அங்கீகரிக்கப்படாத முடிச்சைப் போட்டதுதான். முடிச்சு நழுவிவிட்டது. அவர்மேல் தக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவரும் வேறு கடையை நாட வேண்டிவரும்.

அந்த மீனை யாரும் பார்க்கவில்லை. செயலாளரும் பார்க்கவில்லை, அது தண்ணீருக்கு மேலே தலைகாட்டாமலே போய்விட்டதாக அவரே மூன்றாவது பத்தியில் எழுதியிருந்தார். ஆனாலும் நான்காவது பத்தியில் அதன் எடை பதினான்கு கிலோ இருநூறு கிராம் என்று இருந்தது. அந்த இருநூறு கிராமைச் சேர்த்தவரின் நேர்மையைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது.

முதலாளி கடிதத்தை உரக்கப் படித்து முடித்துவிட்டு, கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்ற ஊழியரைப் பார்த்தார். வயது நாற்பத்தாறு. காதோரம் நரை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, கட்டைவிரல் நகம் மட்டும் கொஞ்சம் நீளம். கடைக்கு வருகிறவர்கள் அவளை முடிச்சக்கா என்றே அழைத்தார்கள். சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது; முதலாளிக்கே அது சட்டென்று நினைவுக்கு வராது.

"இதுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமாங்க?" என்றாள் முடிச்சக்கா.

"அழுவேன்னு நெனச்சேன். ஜெராக்ஸ் கேக்குற."

"அழறதுக்கு அப்புறமா நேரம் இருக்குங்க. ஜெராக்ஸ் கடைக்காரன் பதினோரு மணிக்குக் கரண்ட் போனா கதவைச் சாத்திட்டுப் போயிடுவான்."

முதலாளி தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர்தான், எதிரில் நிற்பவர் எவரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவது ஒன்றுதான் அவருடைய குறை. சனிக்கிழமை மாலை சங்க அறையில் விசாரணை என்றார். அதுவரை, அதாவது விசாரணை முடியும்வரை, அவள் எந்த ரீலையும் தொடக்கூடாது என்றார்.

"அதை எழுதிக் குடுத்துடுங்க."

"வாயால சொன்னா பத்தாதா?"

"போன தடவை வாயால சொன்னதுதாங்க என்னை வீட்டுக்கு அனுப்புச்சு."

போன தடவை என்பது இங்கே சொல்லியாக வேண்டிய விஷயம். இந்தக் கடைக்கு வருமுன் முடிச்சக்கா பதினோரு ஆண்டுகள் பை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் கைப்பிடிப் பிரிவில் இருந்தாள். ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து, தடித்த நூலுக்குப் பதில் மெல்லிய நூலைப் போடச் சொன்னார். தாங்காது என்று அவள் சொன்னாள். சொன்னதைச் செய் என்று அவர் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் காற்றோடு போயிற்று. ஆயிரத்து இருநூறு பைகள் கைப்பிடி பிய்ந்து திரும்பி வந்தபோது, மேற்பார்வையாளருக்கு அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை. அவருக்கு நினைவாற்றல் குறைந்த வாரம் அது. அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகவே அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பாத்திரத்தில் சோறு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து அவள் எந்தத் தாளையும் வீசியெறிவதில்லை. பால் சீட்டு, மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, காணாமற்போன குடைக்காகப் பேருந்துப் பணிமனைக்கு எழுதிய மனு, அதற்குக் குடை கிடைக்கவில்லை என்று வந்த பதில் எல்லாம் தேதிவாரியாகக் கோப்பில் இருந்தன. அவளுடைய கணவர் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர். "கல்யாணப் பத்திரிகைக்குக்கூட நம்பர் போட்டு வச்சிருக்கா. எந்த நேரத்துல எடுத்து நீட்டுவாளோ தெரியல" என்று நண்பர்களிடம் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கும்.

தூண்டில் சாமான் கடையில் அவள் சேர்ந்தது தூசி தட்டவும் பில் போடவும்தான். முடிச்சுப் போட அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நூல் டப்பாக்களுக்குள் மடித்து வைத்திருந்த விளக்கத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு கற்றாள். எந்த மொழி என்றே தெரியாத எழுத்துகள்; ஆனால் படங்களில் கை எந்தப் பக்கம் போகிறது, நூல் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது தெரிந்தது. படம் சொன்னதை அவள் அப்படியே நம்பிவிடவும் இல்லை. சோதித்தாள்.

சோதனைக்கூடம் வீட்டுச் சமையலறை. சன்னல் கம்பியில் நூலின் ஒரு நுனி, மறு நுனியில் தூண்டில் முள், முள்ளில் பிளாஸ்டிக் வாளி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஒரே உருப்படியான செய்தி. அரை லிட்டர்க் குவளையால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவாள். முடிச்சு விடும்போது வாளி விழும். வீடு வெள்ளக்காடாகும். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வருவார். கீழ்வீட்டுக்காரர் வந்த தேதிகளும் நோட்டில் குறிக்கப்பட்டிருக்கின்றன. சோதனை எத்தனை மணிக்கு முடிந்தது என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

"மீன் புடிக்காத வீட்டுல வாரம் ரெண்டு தடவ வெள்ளம்" என்பாள் அவர்களோடு வசிக்கும் நாத்தனார், புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு.

அந்த வெள்ளத்தில் சில உண்மைகள் வெளிவந்தன. ஒரே இழையாக இருக்கும் நைலான் நரம்பு கொஞ்சம் இழுபடும், தன்னைத்தானே கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதற்கு எந்த முடிச்சும் ஓரளவு பொருந்தும். பல இழைகளைப் பின்னிச் செய்த நூல் அப்படியில்லை. தலைமுடியின் பருமன்தான் இருக்கும், ஆளையே இழுத்துவிடும் வலு இருக்கும், ஆனால் பட்டுப்போல வழுக்கும். ஒன்பது கிலோ தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்த பின்னல் நூலில், எல்லாருக்கும் தெரிந்த பழைய கிளிஞ்ச் முடிச்சை, அதாவது நூலைத் தன்மேலேயே ஆறு முறுக்கு முறுக்கிச் செருகும் முடிச்சைப் போட்டால், ஆறரை லிட்டரில் சத்தமில்லாமல் வழுக்கி அவிழ்ந்தது. அவிழ்ந்த நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. பாலமார் முடிச்சில் பதினோரு லிட்டர்வரை வாளி அசையவில்லை. நூலை இரண்டாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, மடிப்பில் உண்டான கண்ணிக்குள் முள்ளையே புகுத்தி எடுத்து, எச்சிலால் நனைத்து, மெல்ல இறுக்குவதுதான் பாலமார். நனைக்காமல் இறுக்கினால் உரசும் சூட்டிலேயே இரண்டு லிட்டர் குறைந்தது. ஒவ்வொரு முடிச்சையும் பத்து முறை. பத்துக்கும் பத்து நுனிகள், அட்டையில் ஒட்டி, கீழே லிட்டர் குறிப்புடன்.

கடைச் சுவரில் சங்கம் அச்சடித்துக் கொடுத்த 'அங்கீகரிக்கப்பட்ட முடிச்சுகள்' பட்டியல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பட்டியலில் ஒரே ஒரு முடிச்சு: கிளிஞ்ச், ஆறு முறுக்கு. பின்னல் நூல் சந்தைக்கு வருமுன் எழுதிய பட்டியல் அது. நூல் மாறியதைப் பட்டியலுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. முடிச்சக்கா பட்டியலைத் தினமும் துடைத்தாள். முடிச்சைத் தன் நோட்டுப்படி போட்டாள். மூன்று ஆண்டுகளில் ஒருவரும் வந்து குறை சொன்னதில்லை. ஏனென்றால் மூன்று ஆண்டுகளில் ஒருவரும் கவனித்துப் பார்த்ததில்லை.

இனி செயலாளரின் ரீல். அவருக்கு அதைச் சுற்றிக் கொடுத்தது போட்டிக்கு மூன்று நாள் முன்பு. அன்று அவள் வழக்கம்போலச் சொன்னாள்:

"சார், அடியில பத்து சுத்து நைலான் போட்டு, அதோட பின்னல் நூலைச் சேத்துக் கட்டிடறேன். ரீலோட வெறும் உருளையில பின்னல் நூல் புடிக்காது. வழுக்கும்."

செயலாளர் கடையில் இருந்த மற்ற உறுப்பினர்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பார்வையாளர்கள் இல்லாமல் பேச வராது.

"கேட்டீங்களா? பாலுக்கு அடியில தண்ணிய ஊத்திட்டு, தண்ணி இருந்தாத்தான் சார் பால் நிக்கும்னு சொல்ற மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இருந்தது. இரண்டு வாரம் முன்புதான் செயலாளர் சுற்றறிக்கை விட்டிருந்தார். விலை உயர்ந்த பின்னல் நூலுக்கு அடியில் மலிவான நைலானைச் சுற்றிக் கடைக்காரர்கள் கலப்படம் செய்கிறார்கள், உறுப்பினர்கள் ஏமாற வேண்டாம் என்று. அந்தச் சுற்றறிக்கையின் ஒரு பிரதியும் முடிச்சக்காவின் கோப்பில் இருந்தது. அவர் கேட்டபடியே சுற்றிக் கொடுத்துவிட்டு, பில்லின் பின்புறம் 'வாடிக்கையாளர் விருப்பப்படி அடியில் நைலான் போடப்படவில்லை' என்று எழுதி நீட்டினாள். செயலாளர் வாசிக்காமலே கையொப்பமிட்டார். சிறு தாள் என்பதால் கையொப்பம் பாதிதான் அடங்கியது.

ஆகவே, புகார்க் கடிதத்தைக் கேட்ட மாத்திரத்தில் ஏரியில் நடந்தது என்ன என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தச் சீட்டை எடுத்து முதலாளி முன் வைத்தாள். முதலாளி அதை ஒரு பல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதைப் போய் அவர் மூஞ்சிக்கு நேரா காட்டுவியா?"

"அவர் கையெழுத்துதானேங்க."

"அதனாலதான் காட்டக் கூடாதுங்கறேன்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மன்னிப்புக் கடிதம், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. "இதுல ஒரு கையெழுத்தப் போடு. பின்னாடி கிடங்குல வேலை. மூட்டை அடுக்கற வேலைதான், ஆனா சம்பளம் வரும். போடலன்னா சனிக்கிழமையோட கணக்க முடிச்சுக்க வேண்டியதுதான். எண்பது பேரை என்னால இழக்க முடியாதும்மா."

முடிச்சக்கா தாளை வாங்கிப் படித்தாள். 'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கியது. திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் ரீலைத் தொடக்கூடாது என்ற உத்தரவை எழுதி வாங்கிக்கொண்டாள், தேதியோடு.

வீட்டில் அன்று மாலை மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் ஒரு குளிர்பெட்டியின் மோட்டாரைத் தரையில் பிரித்துப் போட்டிருந்தார்.

"கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்" என்றார். "எனக்கு இந்த மாசம் ரெண்டு பெட்டிதான் வந்திருக்கு. அதுல ஒண்ணு நம்ம பெட்டி."

நாத்தனார் நகரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சராக இருப்பவள். முப்பது வருடமாக அடுத்தவர் சண்டைகளைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்ததில் அவளுக்கு மனிதர்கள்மேல் இருந்த மரியாதை தேய்ந்திருந்தது. "போடுண்ணா, நீ போடு. உன் கையெழுத்தா? ஏற்கெனவே ஒரு தடவ சாப்பாட்டு டப்பாவோட வெளிய நிக்க வச்சாங்க. இதுல அவளே 'ஆமா, நாந்தான்'னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு எவன் கடையில போய் நிப்பா?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் கணவர். பெரும்பாலும் அது உண்மையாகத்தான் இருக்கும்.

"கையெழுத்துப் போடலைன்னா வேலை போகும்" என்றாள் முடிச்சக்கா. "போட்டா வேலை இருக்கும், ஆனா நூல் சுத்தற அந்த நாற்காலி இருக்காது. ரெண்டையும் ராத்திரி பூரா யோசிச்சாலும் ஒண்ணாத்தான் தெரியும். சனிக்கிழமை போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

சங்க அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம் கூடவே ஏறிவந்தது. உள்ளே நான்கு சுவரிலும் மீனோடு நிற்கும் ஆண்களின் புகைப்படங்கள். எல்லாரும் மீனைக் கேமராவை நோக்கி முழுக் கைநீளத்துக்கு நீட்டிப் பிடித்திருந்தார்கள். அப்படிப் பிடித்தால் மீன் பெரிதாகவும் ஆள் சின்னதாகவும் தெரியும். இரண்டாவது விளைவை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆண்டுப் போட்டி. அதற்கு முன்னால் கருவிச் சோதனை என்ற சடங்கு உண்டு என்பதால், பத்தொன்பது உறுப்பினர்கள் தத்தம் தூண்டில் கம்பும் ரீலுமாக வந்து சுவரோரம் அமர்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மூவர். நடுவில் தலைவர், கண்ணை மூடியிருந்தார். வலப்பக்கம் பொருளாளரான பல் மருத்துவர். இடப்பக்கம் செயலாளர். புகார் கொடுத்தவர், விசாரிப்பவர், நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவர் என மூன்று பொறுப்புகளையும் அவர் ஒருவரே தாங்கியிருந்தார், உழைக்க அஞ்சாதவர். முதலாளி கதவோரம் நின்றார், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.

"நீ எங்க பட்டியல்ல இல்லாத முடிச்சப் போட்டியா, இல்லையா?" என்றார் செயலாளர்.

"போட்டேன் சார்."

"ஒத்துக்கிட்டாங்க." எழுதிக்கொண்டார். "ஏன்?"

"பட்டியல்ல இருக்கறது ஆறரை லிட்டர் தாங்குது. நான் போட்டது பதினோரு லிட்டர்."

"லிட்டரா? ஏம்மா, மீன் புடிக்கறமா, மண்ணெண்ணெய் வாங்கறமா?"

சுவரோரம் சிரிப்பு எழுந்தது. செயலாளர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"வாழ்க்கையில ஒரு மீன் புடிச்சிருக்கியா நீ?"

"இல்ல சார்" என்றாள் முடிச்சக்கா. "போன ஞாயித்துக்கிழமை நீங்களும் புடிக்கலையே."

இந்த முறை எழுந்த சிரிப்பு, சிரித்தவர்களையே திடுக்கிட வைத்துப் பாதியில் நின்றது. பல் மருத்துவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பில்லின் பின்புறச் சீட்டை மேசைமேல் வைத்தாள். செயலாளர் அதை ஒரு விரலால் தள்ளிவைத்தார். சங்கத்தின் கடிதத்தாளில் இல்லாத எந்த ஆவணமும் விசாரணைக்கு ஏற்கப்படாது என்றார். அப்படி விதி இருக்கிறதா என்று பல் மருத்துவர் கேட்டார். இன்று முதல் இருக்கிறது என்று பதில் வந்தது.

"சரி சார். அப்ப ரீலை ஒரு தடவ பாக்கலாமா? என்மேல குத்தம் சொல்றீங்க. குத்தம் பண்ண பொருளையாவது பாத்துட்டுப் போறேன்."

ரீல் மேசைமேல் இருந்தது. அதை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்க்காமல், தாள்கள் பறக்காமலிருக்கக் கனத்துக்காகத்தான் அங்கே வைத்திருந்தார்கள். நூலின் நுனியில் முள் அப்படியே இருந்தது. முள்ளில் முடிச்சும் அப்படியே இருந்தது.

"ரீலைத் தொடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு இருக்கு. டாக்டர் சார், நீங்க புடிங்க. பல்லுப் புடுங்கற கைதானே. இந்த முடிச்ச இழுத்து அவுத்துக் காட்டுங்க."

பல் மருத்துவர் குறடால் முள்ளைப் பிடித்து, நூலைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். எழுந்து நின்று இழுத்தார். உள்ளங்கையில் சிவப்புக் கோடு விழுந்தது. முடிச்சு நகரவில்லை.

"இது நழுவலையே" என்றார், கையை உதறியபடி.

"நழுவினது இது இல்ல சார். இப்ப அந்த டிராக்கை முழுசா இறுக்குங்க."

டிராக் என்பது ரீலின் தலையில் இருக்கும் திருகு. மீன் இழுக்கும்போது உருளை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. முழுதாக இறுக்கிவிட்டால் உருளை அசையவே கூடாது. பல் மருத்துவர் இறுக்கினார். முடிச்சக்கா சொன்னபடி, உருளையின் விளிம்பிலிருந்து நூல்வரை குறுக்காகப் பேனாவால் ஒரு கோடு போட்டார். பிறகு ரீலை ஒருவர் பிடித்துக்கொள்ள, இவர் நூலை இழுத்தார்.

நூல் வந்தது. தாராளமாக வந்தது. உருளை துளியும் அசையவில்லை. விளிம்பிலிருந்த கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. நூலில் இருந்த பாதிக் கோடு மட்டும் நகர்ந்து, உருளையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வந்து, மறுபடி போயிற்று. பளபளப்பான உலோகத்தின்மேல் நூற்றைம்பது மீட்டர் நூலும் ஒன்றாகச் சேர்ந்து, மெலிந்த கையில் தளர்ந்த வளையல்போலச் சுழன்றுகொண்டிருந்தது.

"டிராக்க எவ்ளோ இறுக்கினாலும் இப்படித்தான் சார் போகும். கைப்பிடியச் சுத்தினாலும் நூல் உள்ள வராது. நூல் தளந்ததும் மீன் முள்ளை உதறிட்டுப் போயிடும். அன்னிக்கு அப்படித்தானே ஆச்சு?"

அப்படித்தான் ஆகியிருந்தது என்பதை செயலாளரின் காதுகள் சிவந்து ஒப்புக்கொண்டன.

"அடியில பத்து சுத்து நைலான் இருந்தா அது உலோகத்தக் கவ்விக்கும். பின்னல் நூல் நைலானைப் புடிச்சுக்கும். கலப்படம் இல்ல சார் அது. கால் வைக்கத் தரை."

பல் மருத்துவர் தன் நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த தன்னுடைய ரீலை எடுத்தார். டிராக்கை இறுக்கினார். இழுத்தார். நூல் வந்தது. சுவரோரம் ஒருவர், தும்முவதுபோல் குனிந்துகொண்டு தன் ரீலைச் சோதித்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். பத்தொன்பது பேரும் சுற்றறிக்கையைப் படித்தவர்கள். பத்தொன்பது பேரும் போட்டிக்குப் புது நூல் சுற்றும்போது ஏமாறக் கூடாது என்று உறுதியாக இருந்தவர்கள். கொஞ்ச நேரத்தில் சுவரோரம் பத்தொன்பது ரீல்கள் ஒன்றுபோலச் சுழன்றன. தலைவர் கண் விழித்து, போட்டி தொடங்கிவிட்டதா என்று கேட்டார்.

"இது ஆராயப்பட வேண்டிய விஷயம்" என்றார் செயலாளர். "ஒரு குழு அமைச்சு..."

"குழுவாவது கொழுக்கட்டையாவது சார், காலைல ஆறு மணிக்குப் போட்டி" என்றார் சுவரோரத்தில் ஒருவர். "ஏங்க முடிச்சக்கா, இப்பவே எல்லாத்துக்கும் நைலான் போட்டுத் தர முடியுமா? இந்த ரெண்டு நூலையும் சேத்துக் கட்ட எங்க யாருக்கும் வராது."

"முடியும் சார். ஒண்ணுக்குப் பத்து நிமிஷம்." முடிச்சக்கா கோப்பிலிருந்து முதலாளியின் உத்தரவை எடுத்தாள். "ஆனா விசாரணை முடியற வரைக்கும் ரீலைத் தொடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இதோ, தேதி போட்டிருக்கு."

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் முழுதாக உள்ளே வந்துவிட்டார். "நான்... அது... விசாரணை முடிஞ்சா சரிதான்" என்றார். எதிரில் இப்போது பத்தொன்பது பேர் நின்றார்கள். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதில் சந்தேகமில்லை.

"எப்ப முடியும் சார்?" என்று பல் மருத்துவர் செயலாளரிடம் கேட்டார். "புகாரைத் திரும்ப வாங்கினா இப்பவே முடிஞ்சிடும்ல?"

செயலாளர் தாளை எடுத்தார். சங்கத்தின் கடிதத்தாள்தான். எழுதினார், நீட்டினார். முடிச்சக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மேற்படி ஊழியரை மனிதாபிமான அடிப்படையில் மன்னித்து, புகார் திரும்பப் பெறப்படுகிறது.

"நான் மன்னிப்புக் கேக்கலையே சார். கேக்காதத எதுக்குக் குடுக்கறீங்க?"

இரண்டாவது தாள். பொதுவான புரிதல் குறைபாட்டால் எழுந்த புகார் திரும்பப் பெறப்படுகிறது.

"யாருக்குப் புரியல சார்?"

"பொதுவா எழுதியிருக்கேன்மா."

"பொதுவான்னு ஒருத்தர் சங்கத்துல இருக்காரா? இருந்தா அவரே கையெழுத்துப் போடட்டும்."

"எழுதுங்க சார், நேரம் போகுது" என்றது சுவரோரம். "நைலான் வேண்டாம்னு சொன்னது நீங்க. கேட்டது நாங்க. ரெண்டு வரிதானே." சொன்னவர் வாரந்தோறும் செயலாளரின் கிண்டல்களுக்கு முதல் ஆளாகச் சிரிப்பவர்.

மூன்றாவது தாளுக்குச் செயலாளர் நீண்டநேரம் எடுத்துக்கொண்டார். மீன் தப்பியதற்கு முடிச்சு காரணமன்று; உருளையின் அடியில் நைலான் இல்லாததே காரணம்; ஊழியர் அறிவுறுத்தியும் அதை வேண்டாம் என்றது நானே; புகாரை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். 'நானே' என்ற சொல்லில் பேனா ஒருமுறை நின்று, மை ஊறியிருந்தது. கையொப்பம் இந்த முறை ஒரு தபால்தலைக்குள் அடங்கும் அளவில் இருந்தது.

முடிச்சக்கா இரண்டு முறை படித்தாள். மை ஊறிய இடத்தை மூன்றாம் முறையும் படித்தாள். முத்திரை கேட்டாள், தலைவர் மகிழ்ச்சியோடு குத்தினார், எதற்கென்று அவருக்குத் தெரியாது. முதலாளி தன் உத்தரவின் குறுக்கே 'ரத்து' என்று எழுதி, அவள் பழையபடி நூல் சுற்றும் மேசையிலேயே இருப்பாள் என்று கீழே சேர்த்தார். அவள் கேட்காமலே தேதியும் போட்டார். பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.

"முதல் ரீலைக் குடுங்க டாக்டர் சார்."

கீழே டயர் கடையிலிருந்து ஒரு மேசை விளக்கு வந்தது. கடையிலிருந்து நைலான் கண்டுகளை முதலாளியே ஓடிப்போய் எடுத்துவந்தார். ஒவ்வொரு நூலையும் முழுதாக அவிழ்த்து, அடியில் நைலான் சுற்றி, இரண்டையும் சேர்த்துக் கட்டி, மறுபடி சுற்ற வேண்டும். வரிசை வந்தபடிதான். செயலாளர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் வரிசையில் நின்றுவிட்டதால் அவர் கடைசியில் நின்றார். தன் ரீலைக் கையில் வாங்கும்போது, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நாளைக்கு ஏதாவது சிக்குமா?"

"சிக்க வைக்கறது உங்க வேலை சார்" என்றாள் முடிச்சக்கா, கண்ணாடியைக் கழற்றியபடி. "சிக்கினது போகாம இருக்கறதுதான் என் வேலை."

மறுநாள் போட்டியில் பல் மருத்துவர் மூன்றே முக்கால் கிலோவில் ஒன்றைக் கரைசேர்த்தார். செயலாளருக்கு எதுவும் கடிக்கவில்லை. திங்கட்கிழமை சங்க அறிவிப்புப் பலகையில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது: எதிர்பார்த்த அளவில் மீன்கள் சிக்காததற்கு வானிலையே காரணம். வானிலையிடம் விளக்கம் கேட்டு இதுவரை கடிதம் எதுவும் போகவில்லை.